கழுகக்கா தொப்பிக்காரியைப் பிடித்த கதை

என் அக்கா யாரையும் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. நான்கு மாடிக் கடை வளாகம் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு கேமராக்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. மதியம் ஒரு மணிக்குப் போனால் கடை சாத்தும்வரை. பதினோரு வருடமாக இப்படிப் பார்த்துப் பார்த்தே வளாகத்தில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர் வந்துவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அந்த அறைக்குள் நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுப்பதற்காக. உள்ளே பல் கிடுகிடுத்தது. அக்கா ஸ்வெட்டரும் காலுறையும் போட்டு, காதைச் சுற்றி ஒரு துண்டும் கட்டியிருந்தாள். "ஏசி எனக்கில்லடி, மெஷினுக்கு. நான் போனா வேற ஆள் கிடைக்கும், அது சூடாச்சுன்னா போச்சு" என்றாள். கண் மட்டும் திரையைவிட்டு அகலவில்லை. "மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு. வாங்க வந்தவன் கை பொருள் மேல இருக்கும். திருட வந்தவன் கை அவன் மேலயே இருக்கும்." சொல்லி வாய் மூடவில்லை, இரண்டாம் மாடியில் ஒருவன் ஒரு பெல்ட்டைச் சட்டைக்குள் சொருகினான். அக்கா வாக்கிடாக்கியில் "ரெண்டாம் மாடி, கோடு போட்ட சட்டை" என்று மட்டும் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

வீட்டிலும் அதே கண்தான். அக்காவோடு இருக்கும் நான் மருந்துக்கடையில் காலை வேலை பார்ப்பவள், மாத்திரை அட்டையில் தேதி பார்த்தே வயிறு வளர்ப்பவள். நான் வாங்கி வரும் பால் பாக்கெட்டையும் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். அக்கா வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த நாலு நாளும் அவர் சட்டையை மோந்து பார்க்காமல் துவைக்கப் போடமாட்டாள். "டீசல் வாசனையத் தவிர என்னடி இருக்கப்போகுது?" என்று அவரே என்னிடம் கேட்டுச் சிரிப்பார். ஒன்றும் இருந்ததில்லை. ஆனாலும் மோப்பாள்.

அவள் நம்பிய ஒரே ஆள் மூணாம் வாசல் அண்ணன்தான். மூணாம் வாசல் என்பது வேலையாட்கள் வந்துபோகும் வழி. வேலை முடிந்து போகிற ஒவ்வொருவரின் பையையும் திறந்து பார்த்து அனுப்பும் காவலர் அவர். அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரிடம் பையை நீட்டியபோது, "எங்க எல்லாரையும் பாக்கிறவ நீ. உன் பைய நான் பாக்கணுமா? போம்மா" என்று கையை அசைத்துவிட்டாராம். அன்றிலிருந்து அவள் பையை அவர் தொட்டதேயில்லை. "அந்தக் காம்ப்ளெக்ஸ்லயே நேர்மையான மனுஷன்னா அவர் ஒருத்தர்தான்" என்று அக்கா வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள்.

இந்த வீட்டில்தான் அக்கா மகள் பாப்பா வளர்ந்தாள். பாப்பா என்றால் குழந்தையில்லை, பதினோராம் வகுப்பு. கூப்பிட்டுப் பழகிவிட்டது. அம்மாவை உரித்து வைத்தவள். ஒன்று மனதில் விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. அவள் ஒருநாள் வந்து, இணையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலநிலைத் தலைமைப் பயிற்சி ஒன்று நடத்துகிறார்கள், எழுதிப்போட்டேன், எடுத்துவிட்டார்கள் என்று குதித்தாள். பன்னிரண்டு வாரம். சனிக்கிழமை நாலு முதல் ஆறு வரை. கட்டணம் கிடையாது.

கட்டணம் கிடையாது என்றதும் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"பைசா வாங்காம எவன் சொல்லிக் குடுக்கிறான்? எங்கயோ தூண்டில் போட்டிருக்கான். தலைமைப் பயிற்சியாம்! எந்தக் கட்சிக்குடி தலைவி ஆகப்போற?"

"கட்சி இல்லம்மா. வெயில் வருஷா வருஷம் ஏறிட்டே போகுது. யாராவது ஏதாவது பண்ணணும்ல?"

"பண்ணட்டும். நீ ஏன்?"

"நான் யாராவது இல்லையா?"

அக்கா விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது. பெற்றோர் என்ன வேலை, வீட்டில் எத்தனை அறை, போன மாத மின்சார ரசீதின் படம் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். "வீடு எப்ப பூட்டியிருக்கும்னு மட்டும்தான் கேக்கல. அதையும் கேட்டுட்டா நேரா வந்து அள்ளிட்டுப் போயிரலாம்" என்றாள். மறுநாள் காலை அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு நாற்பது நிமிடம் துருவித் துருவிக் கேட்டாள். பேசிய பெண் குரல் கடைசிவரை பொறுமையாகவே பதில் சொன்னது. போனை வைத்ததும் அக்கா, "இவ்வளவு நேரம் கோவப்படாம பேசுறாளே, அதான் எனக்கு உதைக்குது" என்றாள்.

கடைசியில் பாப்பா இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து காரியத்தைச் சாதித்தாள். ஆனால் அக்கா நிபந்தனை போட்டாள். கம்ப்யூட்டர் கூடத்தில்தான் இருக்கவேண்டும். பெற்றோர் விரும்பினால் வகுப்பை ஓரமாக இருந்து பார்க்கலாம் என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். அதை அக்கா தன் போனில் திறந்துகொள்வாள். அப்படித்தான் அந்த அறையில் முப்பத்திரண்டு படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்கில் சாய்த்துவைத்த போனில், முப்பத்துமூன்றாவதாக என் அக்கா மகளும் வந்து சேர்ந்தாள்.

வகுப்பில் இருபத்துநாலு பிள்ளைகள். முதல் ஒரு மணி நேரம் பாடம். இரண்டாவது மணி நேரம் அவரவர் திட்டத்தை அவரவர் எழுதவேண்டும்; யாரும் பேசமாட்டார்கள், கேமரா மட்டும் திறந்திருக்க வேண்டும். பாடத்தை அக்கா காதில் போட்டுக்கொண்டாளோ இல்லையோ, அந்த இருபத்துநாலு கட்டங்களையும் மனப்பாடம் செய்துவிட்டாள். நகம் கடிக்கிறவள், தலையணைக்காரன், பூனை வீட்டுப் பையன் என்று எல்லோருக்கும் பேர் வைத்தாள். நாலாவது வாரம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"நான் சொன்னேன்ல, எல்லாம் ஏமாத்து வேலைன்னு! மூணாவது வரிசையில கண்ணாடி போட்ட பொண்ணு. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை காதச் சொறியறா. அதே காது, அதே விரல். வீடியோவ எடுத்து ஓடவிட்டுட்டு அவ எங்கயோ ஊர் சுத்தப் போயிட்டா!"

பாப்பா கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். "நாலு நிமிஷம்கிறதால கண்டுபிடிச்சிட்டியாம்மா?"

"பின்ன? ஒரு மணி நேரத்துக்கு எடுத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள் அக்கா பெருமையாக.

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரில் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே எப்படி மின்சாரம் வீணாகிறது என்று ஆறு வாரம் அளந்து எழுதவேண்டும். கட்டடக்காரரின் அனுமதிக் கடிதம் கட்டாயம். பாப்பா அம்மாவின் வளாகத்தையே கேட்டாள். எழுபது கடை, எழுபதிலும் ஏசி, எழுபதிலும் கண்ணாடிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டித் திறந்தே வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த காற்று பூராவும் நடைபாதைக்குப் போகிறது, இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்றாள். "மேனேஜர்கிட்ட ஒரே ஒரு கையெழுத்தும்மா."

"ஏண்டி, நான் சாப்பிடுற தட்டுல நீ ஓட்டை போடப் பாக்கிறியா? அவன் கடைய அளந்து அவனையே குத்தம் சொல்லப்போறோம்னு நானே போயி நிக்கணுமா? வேற இடம் பாரு."

"டாபிக்க ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்ப இல்லன்னு எழுதிக் குடு."

பாப்பா அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. அது அக்காவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவளும் அப்படித்தானே.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மருந்துக்கடைக்குச் சரக்கு வந்து, நான் வழக்கத்தைவிடத் தாமதமாக, ஐந்தேகாலுக்கு வீடு திரும்பினேன். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் பாப்பா பச்சைச் சட்டை போட்டு, தலையைக் குனிந்து, மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், பச்சைச் சட்டைக்கு மேல் என்னுடைய பழைய சாம்பல் ஜாக்கெட். கையில் ஒரு சின்ன நோட்டும் அறை வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டரும்.

"சித்தி, சொல்லிடாத" என்றாள்.

சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு அடி, ஒரு அழுகையோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். எந்தக் கடைக் கதவு, எத்தனை நிமிடம் திறந்திருந்தது, வாசலில் எத்தனை டிகிரி, பத்தடி தள்ளி எத்தனை டிகிரி என்று பொடிப் பொடி எழுத்தில் இரண்டு பக்கம். அவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் திட்ட மனம் வரவில்லை. அனுமதிக் கடிதம் என்னாயிற்று என்று கேட்டேன். "வாங்கிட்டிருக்கேன்னு சொல்லியிருக்கேன்." சரி, ஆறு வாரம்தானே, முடிந்துவிடும் என்று நினைத்தேன். நானும் உடந்தை.

ஊரையே சந்தேகப்பட்ட அக்கா அந்தப் பச்சைச் சட்டையைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "ஏண்டி, எல்லாச் சனிக்கிழமையும் இதே சட்டை?"

"ராசியான சட்டைம்மா."

அக்கா தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அன்றைக்கு மதியம்தான் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம், அவள் வாரக் கதைகளைச் சொல்வாள். அந்த ஞாயிறு தட்டில் சோறு விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"ஒருத்தி சிக்கியிருக்கா. சின்னப் பொண்ணு. தொப்பி, மாஸ்க். போன வாரமும் வந்தா, நேத்தும் வந்தா. அஞ்சேகாலுக்கு வரா, அஞ்சேமுக்காலுக்குப் போயிடறா. எந்தக் கடைக்குள்ளயும் நுழையறதில்ல. வாசல்ல நிக்கிறா, கதவப் பாக்கிறா, மணியப் பாக்கிறா, ஏதோ எழுதறா. உள்ளங்கையில எதையோ மறைச்சு வெச்சிருக்கா. திருட்டுக் கூட்டத்துக்கு வேவு பாக்க வந்தவடி. நாளைக்கு நாலு பேரக் கூட்டிட்டு வந்து ஒரே மூச்சில காலி பண்ணிருவா."

பாப்பா தண்ணீர் குடித்தாள். முழு டம்ளரையும் குடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள். "எந்தக் கேமராவுலம்மா பாத்த?"

"பத்தொம்பது. முதல் மாடி நடைபாதை. பக்கத்துப் படிக்கட்டு வழியாத்தான் ஏறி வரா. அடுத்த வாரம் மூணாம் வாசல் அண்ணன அங்க நிக்கச் சொல்லியிருக்கேன். வேற ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. கையும் களவுமாப் பிடிக்கணும்."

சாப்பிட்டு முடித்ததும் சமையலறையில் பாப்பாவின் காதைத் திருகினேன். இதோடு நிறுத்து என்றேன். இன்னும் நாலு வாரம்தான், இப்போது விட்டால் அளந்ததெல்லாம் வீண் என்று கெஞ்சினாள். அடுத்த சனிக்கிழமை அவள் படிக்கட்டில் ஏறாமல் எதிர்ப்பக்க எஸ்கலேட்டரில் போனாள். அண்ணன் படிக்கட்டில் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

மறுநாள் சாப்பாட்டில் அக்கா, "தப்பிச்சிட்டா. அடுத்த தடவை அண்ணன எஸ்கலேட்டர் பக்கம் நிறுத்தறேன்" என்றாள். பாப்பா அதற்கடுத்த வாரம் லிப்டில் போனாள். பிள்ளைகளுக்கு எது எங்கே போய் முடியும் என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், வயது முப்பத்தைந்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கதை சொல்லவில்லை. பாதி சாப்பிட்டபிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அண்ணன வேலைய விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எந்த அண்ணன?" என்றேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"மூணாம் வாசல். ரெண்டு தடவை அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். ரெண்டு தடவையும் அவ வழிய மாத்திட்டா. எப்படித் தெரியும்? உள்ள இருந்து யாரோ சொல்லணும்ல? விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். "போகும்போது என்கிட்ட வந்தாரு. 'நீயாம்மா சொன்ன?'ன்னாரு. பாத்ததச் சொன்னேண்ணேன்னேன். 'என்னத்த பாத்த?'ன்னு கேட்டாரு. நான் திரைப் பக்கம் திரும்பிட்டேன்."

பிறகு அவளே, "சந்தேகம்னு வந்தா ஆளப் பாக்க முடியுமா?" என்றாள். எங்களைக் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அன்று மாலை மாடியில் துணி எடுக்கும்போது அவளிடம் சொன்னேன், உடனே அம்மாவிடம் சொல்லிவிடு என்று.

"சொன்னா அம்மா வேலை போயிடும் சித்தி. ஆபீஸ் விஷயத்த வீட்ல வந்து சொன்னதே தப்புன்னு ஆயிடும்."

"சொல்லலன்னா அவர் வேலை போயிடும்டி. அவர் என்ன பண்ணாரு?"

அவள் ஒரு போர்வையை எட்டாக மடித்தாள், திரும்பப் பிரித்தாள், திரும்ப மடித்தாள். அந்த வாரம் முழுக்கப் பேயறைந்தவள் மாதிரி இருந்தாள். நானும் சொல்லவில்லை. அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு மாதமாகத் தெரிந்தே மறைத்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? என் பயத்துக்கு ஒரு மனிதர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பாப்பா ஜாக்கெட்டையும் தொப்பியையும் எடுத்தபோது நான் வாசலை மறித்து நின்றேன்.

"இன்னிக்கு அளக்கப் போகல சித்தி" என்றாள்.

"பின்ன எதுக்கு? இங்கயே இரு, அம்மா வரட்டும், நானும் கூட இருக்கேன், சொல்லிடலாம்."

"அம்மா சொன்னா நம்பமாட்டா. பாத்தாத்தான் நம்புவா."

வீடியோவை ஓடவிட்டுவிட்டுத்தான் போனாள். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஐந்து இருபதுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் போன் செய்ததே கிடையாது.

"பாப்பா எங்க?"

நான் திரையைப் பார்த்தேன். பச்சைச் சட்டை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்கான்னு சொல்லாத, என் போன்லயும்தான் இருக்கா. அதக் கேக்கல. நாற்காலில இருக்காளா?"

"இல்லக்கா" என்றேன்.

"எத்தனை வாரமா?" என்றாள்.

"அஞ்சு வாரமா. எனக்கு நாலு வாரமாத் தெரியும்."

போனை வைத்துவிட்டாள்.

அங்கே நடந்ததை அவள் ஒரு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள், அதுவும் துண்டு துண்டாக. பத்தொன்பதாம் கேமராவில் தொப்பிக்காரி வந்தாள். கதவுப் பக்கமே போகவில்லை. நேராக நடைபாதையின் நடுவில் வந்து நின்று, தலையை நிமிர்த்தி, கேமராவைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றினாள். மாஸ்க்கைக் கழற்றினாள். கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். பிளாஸ்கில் சாய்ந்திருந்த போனில் அதே பெண் பச்சைச் சட்டையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். "நடை பழகின நடையா இருக்கேன்னு முதல் வாரமே தோணிச்சுடி. ஆனா இவதான் என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்காளேன்னு விட்டுட்டேன். எவனையும் நம்பாதவ, ஒரு போன நம்பினேன்" என்றாள்.

அக்கா எழுந்திருப்பதற்குள் வேலைக்குப் புதிதாக வந்த காவலர் பாப்பாவின் கையைப் பிடித்துவிட்டார். தொப்பிக்காரி வந்தால் கேட்காமல் பிடி என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தவளே அக்காதான். படியேறி மேனேஜர் அறைக்குப் போனபோது பாப்பா நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றிருந்தாள். புதுக்காவலர் விரல்கள் அவள் மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தன. மேனேஜர் போலீஸுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், இவ என் பொண்ணு" என்றாள் அக்கா. "சேதி வெளிய போனது என் வாயாலதான். ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது நானே உளறினேன். மூணாம் வாசல் அண்ணனுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "கதவ மூடிட்டா எவன்மா உள்ள வருவான்?" என்று ஒரு கேள்வி மட்டும் பாப்பாவைக் கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்க அவருக்கு நேரமில்லை. போலீஸ் வரவில்லை. அக்காவின் வேலையும் போகவில்லை, கேமரா அறைதான் போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து அடித்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை. அண்ணனைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

பாப்பா அந்தப் பயிற்சிக்காரர்களுக்குத் தானே எல்லாவற்றையும் எழுதினாள், வீடியோ ஓடவிட்டது, கடிதம் வாங்காதது, எல்லாம். ஐந்தாம் நாள் அந்தப் பெண் குரல் போன் செய்தது. அக்காவிடம் பத்து நிமிடம் பேசியது. உங்கள் மகள் நன்றாக அளந்திருக்கிறாள், ஆனால் அனுமதியில்லாமல் அளந்ததை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது, வருகைப் பதிவிலும் ஏமாற்றியிருக்கிறாள், அதனால் இந்த வருடம் நீக்குகிறோம், அடுத்த வருடம் முறைப்படி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்றதாம். பாப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஏமாத்துக்காரனா இருந்தா ஒரு சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டுப் போயிருப்பான். வெளிய அனுப்பறாங்கன்னா, இவங்க நெஜம்தாண்டி."

கார் நிறுத்துமிடத்தில் எழுபது கடைகளின் ஏசி மெஷின்களும் வெளியே தள்ளும் அனல் வந்து இறங்குகிறது. முதல் நாளே அக்கா சட்டை பிழிகிற மாதிரி நனைந்து வந்தாள். பாப்பாவின் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடித்தளம் என்று போட்டிருந்த பக்கத்தைத் தேடிப் படித்தாள். "முப்பத்தொம்பதுன்னு எழுதியிருக்கா. சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பதினோரு வருஷம் அந்தக் கதவுங்களப் பாத்தேன்டி. கையத்தான் பாத்தேன். கதவு தொறந்திருக்குன்னு எனக்குத் தெரியவேயில்ல" என்றாள். கதவுகள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன. கயிறு மட்டும் புதிது.

என்னோடு அவள் சரியாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று. பால் பாக்கெட்டில் இப்போது தேதி பார்ப்பதில்லை. அது நம்பிக்கையா அலுப்பா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

போன வாரம் அவளை அழைத்துவர வளாகத்துக்குப் போயிருந்தேன். மூணாம் வாசலுக்கு வெளியே நின்றேன். அண்ணன் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொருவரின் பையையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். முடி வெட்டுகிறவர், துணிக்கடைப் பெண்கள் மூன்று பேர், அதற்குப் பிறகு அக்கா. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. "பைய வைங்கம்மா" என்றார். பதினோரு வருடமாக நீ, வா, போ என்று கூப்பிட்டவர்.

அக்கா தானே ஜிப்பைத் திறந்து பையை மேசைமேல் விரித்துப் பிடித்தாள். அவர் துண்டை எடுத்து உதறிப் பார்த்தார். பர்ஸைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்ப மூடினார். எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி வைத்து, "போகலாம்மா" என்றார்.

"தினமும் இப்படித்தானா?" என்று தெருவில் கேட்டேன்.

"தினமும்" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் நடந்தபிறகு, பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள். "பாக்கட்டும்டி. ஒருநாள் பாக்காம அனுப்புவாரு. அதுவரைக்கும் நான் தொறந்து காட்டறேன்."